வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள்



இந்தத் தடவை சமையல் குறிப்பும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. நாங்கள் வீடு தேடின கதையைச் சொல்லப் போகிறேன். ரொம்பப் பிடித்துப் போன ஒரு ஃப்ளாட்டை நாங்கள் ஏன் வாங்காமல் விட்டோம் என்பதுதான் அதில் முக்கியம். உங்களில் யாராவது ஊருக்கு நடுவில் ஃப்ளாட் வாங்கும் யோசனையில் இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் பெரம்பலூரில் 14 வருஷமாக வாடகை வீட்டில் இருந்தவர்கள். என் கணவருக்கு அரியலூரில் ஆபீஸ். தினமும் பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர் போய் வருகிறவர். பையன் திருச்சியில் காலேஜ். பெண் ஒன்பதாம் வகுப்பு. மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி. போன வருஷம் ஆவணியில் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். "பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்மா. தை பொறந்தா வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு வாடகை வீட்டுக்குப் போய் அங்கேயும் ஒரு நாள் இதே வார்த்தையைக் கேட்பதை விட, சொந்தமாக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். கையில் இருந்தது என்ன? மாமனார் விட்டுப் போன ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தை விற்ற பணம், நான் கட்டி வந்த சீட்டு, கொஞ்சம் நகை. மீதிக்கு பேங்க் லோன். பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த மண் அது. விற்பனைக்குக் கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி மாமியார் சாப்பிடவில்லை. ஆகவே எங்களுக்கு இது வெறும் பண விஷயமாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குத் தரகர் எங்களை அழைத்துப் போனார். ஊருக்கு நடு மையத்தில் நாலு மாடிக் கட்டிடம், மூன்றாவது மாடியில் வீடு. எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன், அங்கே குடியிருக்கிறவர்களுக்கு என்னால் வம்பு வேண்டாம். பளபளவென்று டைல்ஸ், கிரானைட் மேடை, சின்ன பால்கனி, தூரத்தில் கோயில் கோபுரம். விலை 38 லட்சம். என் பெண் அப்போதே தன் அறையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை நல்ல நாள், 2 லட்சம் அட்வான்ஸ் குடுத்துடுங்க. இன்னொரு பார்ட்டி காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் தரகர்.

வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னபோது மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, ஒரு கறவை மாடு வாங்கறதுன்னாக்கூட பல்லைப் புடிச்சுப் பார்ப்போம், சுழி பார்ப்போம், ரெண்டு வேளை கறந்து பார்ப்போம். நீங்க அரை மணி நேரத்துல வீட்டையே பார்த்து முடிச்சுட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "என்னங்க, எனக்குப் பதினஞ்சு நாள் குடுங்க. நான் கறந்து பார்த்துட்டு வரேன்" என்றேன். இவர் சிரித்தார். ஆனால் சரி என்றார்.

நம்ம ஊருக்கு அடுக்குமாடி வந்த கதை

சென்னைக்காரர்களுக்கு ஃப்ளாட் பழகிப் போன விஷயம். நமக்கு இது புதுசு. 1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் திரும்பவும் தனியானது. மாவட்டத் தலைநகர் என்றால் கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் வரும். அவற்றில் வேலை பார்க்கிறவர்கள் வருவார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். ஊர் நடுவில் மனை கிடைக்காததால் வீடுகள் மேலே போக ஆரம்பித்தன.

ஆனால் தெரு பழைய தெருதான். மாட்டு வண்டியும் சைக்கிளும் போன அகலம்தான் இருக்கிறது. நாலு வீடு இருந்த இடத்தில் பதினாறு வீடு வந்தால் தண்ணீர், சாக்கடை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றுக்கும் அதே தெருதான் ஈடு கொடுக்க வேண்டும். தனி வீடு என்றால் பிடிக்காததை இடித்துக் கட்டிக்கொள்ளலாம். ஃப்ளாட்டில் டைல்ஸை மாற்றலாமே தவிர தெருவை மாற்ற முடியாது. ஆண்கள் காலையில் போய் ராத்திரி வருகிறவர்கள். பகல் முழுவதும் அந்தத் தெருவோடு குடித்தனம் நடத்தப் போவது நாம்தான். ஆகவே தெருவைப் பார்ப்பது நம் வேலை.

விடிகாலை

முதலில் விடிகாலை நாலே முக்காலுக்கு, இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கையில் பஞ்சாங்கம். அன்று முகூர்த்த நாள் என்று தெரிந்துதான் போனேன். கட்டிடத்துக்குப் பின்பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்ததால் எங்கள் கண்ணிலேயே படவில்லை. இப்போது வாசலில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு, சந்தில் ஜெனரேட்டர் உறுமல், பாத்திரம் இறக்கும் சத்தம். ஜெனரேட்டர் புகை நேராக மேலே போகிறது.

2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. கடைத்தெரு என்றால் 65-ம் 55-ம். சட்டம் நம் பக்கம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டா குடித்தனம் நடத்த முடியும்? பத்தாவது பரீட்சைக்குப் படிக்கப் போகிற பெண் வீட்டில் இருக்கிறாள்.

பள்ளிக்கூட நேரம்

அடுத்தது காலை எட்டரை மணி. பெண்ணைச் சீருடையோடு கூட்டிக்கொண்டு அந்த வாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரை நடந்தேன். பன்னிரண்டு நிமிஷம். தூரம் பிரமாதம். ஆனால் மெயின் ரோட்டைக் கடப்பதற்கே நாலு நிமிஷம் ஆயிற்று. நடைபாதை என்று இருந்த இடத்தில் கடைச் சாமான்களும் மோட்டார் சைக்கிள்களும். பஸ் திரும்பும்போது குழந்தைகள் சாக்கடை மூடி மேல் ஏறி நிற்கிறார்கள். ஒரு மூடி உடைந்திருந்தது.

சகோதரிகளே, தரகர் "ஸ்கூல் பக்கத்துலேயே" என்றால் கிலோமீட்டர் கேட்காதீர்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். வயசானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் ஒரு நாள் நடத்திப் பாருங்கள்.

உச்சி வேளை

மத்தியானம் 12 மணிக்குப் போனபோதுதான் கீழ்க்கடைகளைக் கவனித்தேன். ஊர் நடுவில் கட்டுகிற மாடிகளில் தரைத்தளம் பெரும்பாலும் கடைகள்தான். என்ன கடை என்பது முக்கியம். மருந்துக் கடையும் துணிக்கடையும் இருந்தால் நமக்கு அனுகூலம். அங்கே இருந்தது ஓட்டல். அதன் புகைப்போக்கி கட்டிடத்தின் பின்பக்கம் ஏறி, நாங்கள் பார்த்த வீட்டின் சமையலறை ஜன்னலுக்கு இரண்டு அடி தள்ளி முடிந்திருந்தது. அந்த ஜன்னலைத் திறந்தால் காற்று வராது, பொரித்த எண்ணெய் வாடைதான் வரும். ஞாயிறு காலை தரகர் அந்த ஜன்னலை மட்டும் திறந்து காட்டாதது ஏன் என்று அப்போது புரிந்தது.

இன்றைக்கு நல்ல கடை இருந்தாலும் நாளைக்கு வேறு கடை வரலாம். ஆகையால் கடைகள் யார் பேரில் இருக்கின்றன, புகைப்போக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் என்ன ஏற்பாடு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஒன்பதரை

இதில் அந்த இடத்துக்கு முழு மார்க். தெரு விளக்கு எல்லாம் எரிகிறது. மருந்துக் கடை திறந்திருக்கிறது. பஸ் இறங்கி வருகிற பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். ஆட்டோ கூப்பிட்டால் உடனே வருகிறது. அரசுத் தலைமை மருத்துவமனைக்கு மாமியாரை அழைத்துக்கொண்டு போவதென்றால் ஊர்க்கோடியில் இருப்பதைக் காட்டிலும் இங்கே நிம்மதி. நான்கு ரோடு தாண்டி, புது நகர்களில் மனை மலிவாகத்தான் கிடைக்கிறது. ஆனால் ஏழு மணிக்கு மேல் அங்கே தெருவில் மனித நடமாட்டம் இல்லை. ஊர் நடுவே வேண்டும் என்று நாங்கள் நினைத்தது தப்பில்லை என்று அன்று உறுதியாயிற்று.

ராத்திரி பார்க்கும்போது இன்னும் ஒன்று. மதுக்கடை எத்தனை தூரத்தில் இருக்கிறது, அது மூடும் நேரத்தில் கூட்டம் எந்தத் தெரு வழியாகக் கலைகிறது என்று கவனியுங்கள். பகலில் இது தெரியாது.

மழை நாள்

ஐப்பசியில் வீடு தேடினது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு சாயங்காலம் அடை மழை. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மெயின் ரோட்டை ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் பழையதன் மேலேயே தார் போட்டு உயர்த்திவிடுகிறார்கள். அந்தத் தெருவோ பள்ளத்தில். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சாக்கடையும் அதில் கலந்துவிட்டது.

மழைக் காலத்தில் பார்க்க முடியாதவர்கள் கடை ஷட்டர்களைப் பாருங்கள். அடியில் துருப்பிடித்த கோடு எவ்வளவு உயரம் இருக்கிறதோ அவ்வளவு உயரம் தண்ணீர் வந்திருக்கிறது. வாசலில் மணல் மூட்டை, புதிதாக உயர்த்திக் கட்டின படி இரண்டும் சாட்சி சொல்லும். டீக்கடை அம்மாவிடம் கேட்டேன். "வருஷா வருஷம் இப்படித்தாங்க்கா. ரெண்டு நாள்ல வடிஞ்சுடும்" என்றார். இரண்டு நாள்!

நம் பக்கம் ஊருக்கு ஊர் ஏரியும் குளமும் ஓடையுமாக இருந்த பூமி. வாய்க்காலை மூடித் தெரு ஆக்கினாலும் தண்ணீருக்குப் பழைய வழி மறக்காது. வாங்கப் போகிற இடத்தின் சர்வே எண்ணை வைத்து, அது நீர்நிலைப் புறம்போக்கோ, ஓடையை ஒட்டியதோ என்று வருவாய்த் துறைப் பதிவுகளில் பார்த்துவிடுங்கள். அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். காலேஜ் படிக்கிற பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பார்கள்.

தண்ணீருக்குப் பருப்புப் பரீட்சை

வாட்ச்மேனிடம் கேட்டு ஒரு பாட்டில் போர் தண்ணீர் வாங்கி வந்தேன். பாதியில் துவரம் பருப்பு வேகவைத்தேன். வழக்கமாக மூன்று விசிலில் குழைகிற பருப்பு ஆறு விசிலுக்கும் முழித்துக்கொண்டு நின்றது. மீதியில் சோப்பைக் கரைத்தேன், நுரையே வரவில்லை. தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தது. நல்ல கடினத் தண்ணீர்.

நம் மாவட்டங்களில் இது ஆச்சரியமில்லை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். சாத்தனூர் கல்மரத்தைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள் வரக் காரணமான சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப் போனதுதான். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வரும் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும்.

சமையலறைப் பரீட்சை ஒரு குறிப்புத்தான். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத் தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை அனுமதிக்கிறார்கள். கூடவே கேட்க வேண்டியவை: நகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா, மாதம் எத்தனை லோடு? பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா?

அந்த வீட்டை விடச் செய்த விஷயம்

இவ்வளவுக்குப் பிறகும் இவருக்கு அந்த வீட்டின் மேல் ஆசை விடவில்லை. "எல்லாத் தெருவிலும் ஏதாவது ஒண்ணு இருக்கத்தாம்மா செய்யும்" என்றார். அதுவும் நியாயம்தான். கடைசியாக ஒரு நாள் மத்தியானம் மொட்டை மாடிக்குப் போனேன். இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை இடுப்பில். ஒரு கை கொடுத்துத் துணியைப் பிழிந்துகொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"அக்கா, வாங்கப் போறீங்களா? லிஃப்ட் ஓடி மூணு மாசம் ஆச்சு. ரிப்பேருக்கு யாரு காசு போடறதுன்னு சண்டை. பதினாறு வீட்டுல ஓனர் குடியிருக்கிறது நாலு வீட்டுலதான். மத்ததெல்லாம் வாடகை, ஒண்ணு ட்யூஷன் சென்டர். நீங்க பார்த்த அன்னிக்கு ஏறி வந்தது படியிலதானே?"

ஆமாம், படியில்தான் ஏறினோம். "மேலே போய் யாரோ கதவைச் சாத்தாம விட்டிருக்காங்க" என்று தரகர் சொன்னதை நம்பினோம். நான்கு மாடிக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கரன்ட் பில் பாக்கி என்று அவள்தான் சொன்னாள். லிஃப்ட் குழியில் தேங்கின தண்ணீரையும் காட்டினாள். டெங்குவைப் பரப்பும் கொசு இப்படித் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். போன மழையில் அவளுடைய பெரிய குழந்தை காய்ச்சலில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததாம்.

படி இறங்கும்போது எண்ணினேன். மூன்றாம் மாடிக்கு 54 படி. முழங்கால் வலிக்காரியான மாமியாரை ஒரு தடவை மேலே ஏற்றிவிட்டால் பிறகு எப்போது இறக்குவது? தன் நிலத்தை விற்றுக் கொடுத்தவர், அந்தப் பணத்தில் வாங்கின வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்க வேண்டுமா? இதைச் சொன்னதும் இவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் தரகருக்குப் போன் செய்து வேண்டாம் என்றார்.

அரியலூரில் வெள்ளைத் துண்டு

"அப்ப அரியலூருக்கே போயிடலாமா? எனக்கு பஸ் மிச்சம், ரயில் ஸ்டேஷனும் இருக்கு" என்றார் இவர். பெரம்பலூரில் ரயில் இல்லை என்பது நமக்கு என்றைக்கும் ஒரு குறைதான். அரியலூரில் என் நாத்தனார் இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் லாரிகள் போகிற பெரிய ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு ஃப்ளாட் வாங்கினாள். "ரோட்டு மேல வீடுன்னா மதிப்பு ஏறும்" என்று அப்போது எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

இந்தத் தடவை போனபோது மாமியார் பழக்கிவிட்ட புத்தி, காலையில் துவைத்த வெள்ளைத் துண்டு ஒன்றை அவள் பால்கனியில் போட்டேன். சாயங்காலம் எடுத்து உதறினால் சாம்பல் நிறத்தில் பொடி பறந்தது. "அண்ணி, ஜன்னலைத் திறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. சின்னவனுக்கு அடிக்கடி இழுப்பு. டாக்டர் தூசி இல்லாத இடமாப் பாருங்கன்னு சொல்றார். லோனைக் கட்டறதா, வேற இடத்துல வாடகை குடுக்கறதா?" என்று கண் கலங்கினாள்.

இதைப் படித்து அரியலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவள் வீட்டிலிருந்து மூன்று தெரு உள்ளே, மரங்கள் இருக்கும் ஒரு தெருவில் தெரிந்தவர் வீட்டு மாடியில் இன்னொரு துண்டைப் போட்டிருந்தேன். அது வெள்ளையாகவே இருந்தது. ஒரே ஊர்தான், ஆனால் லாரி போகிற தெருவும் போகாத தெருவும் ஒன்றாகிவிடுமா? ஊரை வைத்து முடிவு செய்யாதீர்கள், வாசலை வைத்து முடிவு செய்யுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதும் மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே அங்கே குடியிருப்பவர்களிடம் ஆடியிலும் மார்கழியிலும் எப்படி என்று கேளுங்கள்.

பத்திர விஷயம், சுருக்கமாக

பத்திரம் எழுதும் சொந்தக்காரர் ஒருவர் எங்களுக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

1. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். தரகர் காட்டின வக்கீல் வேண்டாம்.

2. புதுக் கட்டிடம் என்றால், மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் 8-க்கு மேலோ இருந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும். 2016-ம் வருஷத்துச் சட்டம் இது. பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது.

3. உங்கள் பேரில் மனையில் எத்தனை சதுர அடி 'பிரிபடாத பங்கு' எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். கட்டிடம் பழசாகும், மண்தான் நிற்கும்.

4. குடியிருப்போர் சங்கம் இருக்கிறதா, கணக்கு எழுதுகிறார்களா? 1994-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் இயற்றப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சங்கம் அமைப்பது அதன்படி அவசியம். சங்கத்தின் வரவு செலவு நோட்டை ஒரு தடவை புரட்டினால் லிஃப்ட், மோட்டார், லாரித் தண்ணீர் எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

5. பதிவுச் செலவை மறக்காதீர்கள். 2023 டிசம்பர் முதல் புது ஃப்ளாட்டுக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கைமாறி வரும் பழைய ஃப்ளாட்டுக்கு 7-ம் 2-ம். இது அவ்வப்போது மாறுவதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் என்ன ஆயிற்று?

பெரம்பலூரிலேயே, அந்த முதல் கட்டிடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, 12 வருஷம் பழைய கட்டிடம் ஒன்றில் முதல் மாடி வீடு. மொத்தமே எட்டு வீடு, அதில் ஆறு சொந்தக்காரர்கள். டைல்ஸ் மங்கல், சமையலறை சின்னது, கார் நிறுத்த இடமில்லை. விலை 31 லட்சம், பதிவுக்கு 2 லட்சத்து 79 ஆயிரம். மாமியாருக்கு 18 படி, நடுவில் உட்காரத் திண்டு. சங்கத்து நோட்டை ஒரு ரிடையர்டு வாத்தியார் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தார். பருப்பு நாலு விசிலில் வெந்தது. திருவிழாவில் சாமி அந்தத் தெரு வழியாக வருமாம், அன்று வண்டியை எடுக்க முடியாது என்றார்கள். வருஷத்துக்குச் சில நாள்தானே, சாமி நம் வாசலுக்கு வருவதற்கு என்ன குறை என்று சரி சொன்னோம். தை மாதம் பால் காய்ச்சினோம்.

இத்தனை பார்த்தும் ஒன்றைக் கோட்டை விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே காலி மனை. அதிலிருந்துதான் காற்றும் வெளிச்சமும். பார்த்த அன்று அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. போன மாதம் அங்கே பூமி பூஜை போட்டு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். காலி மனையின் காற்று நமக்குச் சொந்தமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நீங்கள் பார்க்கும்போது, பக்கத்து மனையில் இதே உயரத்துக்கு ஒரு கட்டிடம் நிற்பதாக நினைத்துக்கொண்டு பாருங்கள்.

சாயங்காலங்களில் மாமியார் மெள்ளப் படி இறங்கி வாசல் திண்ணையில் உட்காருகிறார். தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்துவிட்டது. கீரைக்காரம்மாவோடு ஒரு மணி நேரம் பேச்சு. போன வாரம், "நிலத்தை வித்தது இன்னும் மனசுல இருக்கும்மா. ஆனா இங்க நாலு மனுஷங்க முகத்தைப் பார்க்கிறேன்" என்றார். எனக்கு அது போதும்.

வீடு பார்க்கப் போகிற சகோதரிகளே, முன்பணத்தைப் பதினைந்து நாள் தள்ளிப் போடுங்கள். "வேறு பார்ட்டி வாங்கிவிடுவார்கள்" என்று பயமுறுத்தினால், தாராளமாக வாங்கட்டும் என்று சொல்லுங்கள். ஒரு பாட்டில், ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு பஞ்சாங்கம், ஒரு குடை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். முக்கியமாக, மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற பெண்ணிடம் பேசாமல் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.